மேடையை விடுங்கள், வாசலைப் பாருங்கள்!

"வாப்பா! இந்த ஆண்டுக் கல்லூரி விழாவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள்" என்று உங்கள் மகனோ மகளோ வந்து சொன்னால் உங்கள் உள்ளம் மகிழும். மகிழ வேண்டியதுதான். பலரை ஒருங்கிணைத்து ஒரு காரியத்தை நடத்தி முடிக்கும் பயிற்சி எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைப்பதில்லை. அந்த மகிழ்ச்சியோடு சில கேள்விகளையும் கேட்பீர்கள். யார் சிறப்பு விருந்தினர்? பணம் எங்கிருந்து வருகிறது? படிப்புக் கெடாதா? எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் நம் வீடுகளில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் வருவார்கள்? அத்தனை பேரும் எந்த வழியாக உள்ளே போய், எந்த வழியாக வெளியே வருவார்கள்?

இதென்ன பெரிய கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால் நமக்கு அண்டை மாநிலத்திலேயே நான்கு இளம் உயிர்கள் போயிருக்கின்றன.

2023-ஆம் ஆண்டு நவம்பர் 25, சனிக்கிழமை மாலை. களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் பொறியியல் மாணவர்கள் நடத்திய தொழில்நுட்ப விழா. அதையொட்டி, திறந்தவெளி அரங்கில் திரைப்படப் பின்னணிப் பாடகி ஒருவரின் இசை நிகழ்ச்சி. அரங்கு பள்ளத்தில் அமைந்தது. வாயிற்கதவைத் தாண்டியதும் செங்குத்தான படிகள் கீழே இறங்கும். விழா நடத்தும் துறையின் மாணவர்களை முதலில் உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் கதவுக்கு வெளியே காத்திருந்தார்கள். நிகழ்ச்சி இன்னும் தொடங்கவில்லை. அந்நேரம் மழை பிடித்துக்கொண்டது. நனையாமல் ஒதுங்க வேண்டும் என்று வெளியே நின்ற கூட்டம் வாசலை நோக்கி ஓடியது. முன்னே போனவர்கள் படியில் கால் இடறி விழுந்தார்கள். பின்னே வந்தவர்களுக்கு முன்னே நடந்தது தெரியவில்லை. ஒருவர் மேல் ஒருவராக விழுந்ததில் நால்வர் இறந்தனர். மூவர் அப்பல்கலைக்கழக மாணவர்கள். ஒருவர் நிகழ்ச்சியைக் காண வெளியிலிருந்து வந்த இளைஞர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

கவனியுங்கள். அங்கே தீப்பிடிக்கவில்லை, குண்டு வெடிக்கவில்லை, யாரும் யாரோடும் சண்டையிடவில்லை. மழை பெய்தது, அவ்வளவுதான். கேரளத்தில் நவம்பர் மாதத்து மழை யாரும் எதிர்பாராத ஒன்றா? 'மழை வந்தால் இத்தனை பேரும் எங்கே ஒதுங்குவார்கள்?' என்று பத்து நாளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருந்தால் போதும். காவல்துறைப் பாதுகாப்பு வேண்டி எழுதப்பட்ட கடிதம் பல்கலைக்கழக அலுவலகத்தைத் தாண்டிக் காவல்துறைக்குப் போய்ச் சேரவில்லை என்றும் பின்னர்ச் செய்திகள் வெளிவந்தன. நம் கல்லூரிகளில் கடிதங்கள் பயணம் செய்யும் வேகத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இதே போன்ற ஒரு துயரம் அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்த ஒரு நாட்டிலும் நடந்தது. 1991 டிசம்பர் 28 அன்று, நியூயார்க் நகரின் சிட்டி காலேஜ் விளையாட்டு உள்ளரங்கில், புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் ஆடும் கூடைப்பந்துப் போட்டி ஒன்று ஏற்பாடாகியிருந்தது. நோக்கம் நல்ல நோக்கம். எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கு நிதி திரட்டுவது. அரங்கின் கொள்ளளவு 2,730 பேர். வந்து குவிந்தவர்களோ ஏறத்தாழ 5,000 பேர். அங்கும் அரங்கின் கதவுகளுக்கு முன்னே கீழிறங்கும் ஒரு படிக்கட்டு. அந்தக் கதவுகள் படிக்கட்டுப் பக்கமாக, அதாவது வருகிறவர்களை நோக்கித் திறப்பவை. வருகிறவர்கள் நெருக்க நெருக்க, கதவைத் திறக்கவே முடியாமல் போனது. படியின் அடியில் சிக்கிய ஒன்பது பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். யாருடைய பொறுப்பு என்ற கேள்வி எழுந்தபோது கல்லூரி நிர்வாகம், காவலர்கள், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் என ஒவ்வொருவர் விரலும் மற்றவரைச் சுட்டியது. 1999-இல் நீதிமன்றம் பாதிப் பொறுப்பைக் கல்லூரியை நடத்தும் பல்கலைக்கழகத்தின் மீதும், மறு பாதியை நிகழ்ச்சியை நடத்திய கலைஞர்கள் மீதும் சுமத்தியது.

களமசேரியும் நியூயார்க்கும் எவ்வளவு தொலைவு! ஆயினும் படிக்கட்டு ஒன்றே, கதவு ஒன்றே, பின்னாலிருந்து தள்ளும் கூட்டமும் ஒன்றே.

முஸல்லா அளவு இடத்தில் எத்தனை பேர்?

நெரிசலில் இறந்தவர்களைப் பற்றி நாம் பேசும்போது 'மிதிபட்டு இறந்தார்கள்' என்கிறோம். பெரும்பாலும் அது சரியன்று. நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு முட்டி இறப்பவர்களே மிகுதி. இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டிலிருக்கும் முஸல்லா ஒன்றை எடுத்து விரித்துப் பாருங்கள். அது ஏறக்குறைய முக்கால் சதுர மீட்டர் இருக்கும். அதில் ஒருவர் நின்று தொழுகிறார். இருவர் நின்றால் தாராளமாகப் பேசிக்கொண்டிருக்கலாம். மூவர் நிற்பது நெருக்கம்; ஆனாலும் அவரவர் விருப்பப்படி நகரலாம். நால்வரை அதில் நிறுத்தினால் தோளோடு தோள் ஒட்டும். ஆபத்தின் எல்லை அங்கே தொடங்குகிறது. ஐந்து பேரை நிறுத்திவிட்டால் அதன்பின் யாரும் தம் காலால் நடப்பதில்லை. கூட்டம் தண்ணீரைப் போல ஆகிவிடுகிறது. ஒரு மூலையில் பத்துப் பேர் அசைந்தால் அந்த அலை மறு மூலையில் இருப்பவரைத் தூக்கிப் போடும். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் 'அமைதி காக்கவும்' என்று அறிவிப்பதால் பயனில்லை. நிற்பவர் அமைதியாகத்தான் இருக்கிறார். அவரால் நிற்க முடியவில்லை.

இந்தக் கணக்கை மிகுந்த விலை கொடுத்து உலகுக்குக் கற்றுத் தந்த இடங்களில் மினாவும் ஒன்று என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். 1990 ஜூலையில் மக்காவுக்கு அருகே நடைபாதைச் சுரங்கத்தில் 1,426 ஹாஜிகள் உயிரிழந்தார்கள். 2006 ஜனவரியில் ஜமராத் பாலத்தருகே 346 பேர் இறந்தார்கள். அதன்பிறகு பழைய பாலம் இடிக்கப்பட்டுப் பல அடுக்குகள் கொண்ட புதிய பாலம் எழுந்தது. கல் எறியும் தூண்கள் அதற்கு முன்பே, 2004-இல், நீண்ட சுவர்களாக மாற்றப்பட்டிருந்தன. அனைவரும் ஒரே புள்ளியில் குவியாமல் சுவரின் நெடுகப் பரவி நிற்க வேண்டும் என்பதே நோக்கம். உள்ளே செல்லும் வழி வேறு, வெளியேறும் வழி வேறு என்ற ஒருவழி ஏற்பாடும் வலுப்பட்டது. அப்படியிருந்தும் 2015-இல் பாலத்துக்குச் செல்லும் வழியில், மினாவின் தெரு ஒன்றில் மீண்டும் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. பக்தியும் பொறுமையும் மிக்க கூட்டத்துக்கே வழியமைப்பு இவ்வளவு முக்கியம் என்றால், பாட்டுக் கேட்கத் துள்ளிவரும் பதினெட்டு வயதுக் கூட்டத்துக்கு எவ்வளவு முக்கியம்!

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு மீட்டர் அகலமுள்ள சமதளமான வாசலில், தடையில்லாமல் நடந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 பேர் கடக்கலாம். படிக்கட்டு என்றால் அதைவிடக் குறைவு. உங்கள் பிள்ளையின் கல்லூரி அரங்கில் 1,600 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரங்குக்கு நான்கு வாசல்கள் இருக்கின்றன. 'வெளியாட்கள் புகுந்துவிடக் கூடாது' என்று மூன்றைப் பூட்டி ஒன்றை மட்டும் திறந்து வைப்பது நம் ஊர் வழக்கம். அந்த ஒற்றை வாசல் வழியே அனைவரும் வெளியேற 20 நிமிடங்கள் ஆகும். நான்கும் திறந்திருந்தால் 5 நிமிடங்கள். விழா இயல்பாக முடியும் நாளில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது. மின்கம்பியில் பொறி கிளம்பிப் புகை சூழும் நாளில், அந்தப் பதினைந்து நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வெளியாட்களைத் தடுப்பதும் தேவைதான், மறுக்கவில்லை. அதற்குப் பூட்டு வழியன்று. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு தொண்டர்களை நிறுத்துவதே வழி. பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தச் சாவி அந்த வாசலில் நிற்பவர் கையில் இருக்க வேண்டும். சாவி அலுவலகத்தில் இருக்கிறது, அலுவலக உதவியாளர் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார் என்ற கதை உதவாது.

'நிறுத்து' என்று சொல்லப் போவது யார்?

பெரும்பாலான விழாக்குழுக்களில் வரவேற்புக் குழு உண்டு, மேடை அலங்காரக் குழு உண்டு, உணவுக் குழு உண்டு, பரிசுக் குழு உண்டு. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது மட்டும் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. மாணவர் செயலாளர் முதல்வரைப் பார்ப்பார். முதல்வர் மேடையில் சிறப்பு விருந்தினர் அருகே அமர்ந்திருப்பார். பேராசிரியர் 'பார்த்துக்கொள்ளலாம்' என்பார். அதற்குள் காரியம் மிஞ்சிவிடும்.

ஆகவே ஒரே ஒருவர் வேண்டும். அவர் ஆசிரியராக இருப்பது நல்லது. அவருக்கு மேடையில் நாற்காலி போடக் கூடாது. கூட்டம் முழுவதும் தெரியும் ஓரிடத்தில் அவர் நிற்க வேண்டும். அவர் கை காட்டினால் பாட்டு நின்று விளக்குகள் எரிய வேண்டும். அதற்கு யாருடைய அனுமதியும் கேட்கக் கூடாது. ஒலிபெருக்கிக்காரருக்கும் விளக்குக்காரருக்கும் அவரை முன்கூட்டியே அடையாளம் காட்டி வைக்க வேண்டும். மாணவர்கள் தயங்கும் இடம் இதுதான். பல மாதம் உழைத்த நிகழ்ச்சியை நிறுத்த யாருக்குத்தான் மனம் வரும்? அந்தச் சுமையைப் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது பெரியவர்களுக்கு அழகன்று.

தொண்டர்களைப் பற்றியும் ஒரு சொல். நெஞ்சில் அட்டை குத்திய தொண்டர்கள் எல்லா விழாக்களிலும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் மேடைக்கு முன்னால் நின்று நிகழ்ச்சியை ரசிப்பவர்கள்! தொண்டரின் முதுகு மேடையைப் பார்க்க வேண்டும். முகம் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிட்டால் அவர்களுக்கும் நிகழ்ச்சி காணக் கிடைக்கும்.

அண்ணன்மார் சொல்லித் தந்தது

'போன வருடமும் இப்படித்தான் செய்தோம், ஒன்றும் ஆகவில்லையே' என்பது கல்லூரிகளில் அடிக்கடி கேட்கும் வாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இந்த வாதம் தொண்ணூறு ஆண்டுகள் நிலைத்திருந்தது. எதிரணிப் பல்கலைக்கழகத்துடன் கால்பந்தாட்டம் நடப்பதற்கு முன், மரக்கட்டைகளை மலைபோல் அடுக்கிச் சொக்கப்பனை கொளுத்துவது 1909 முதல் அம்மாணவர்களின் வழக்கம். மரம் வெட்டுவதும் மாணவர்கள். ஏற்றுவதும் கட்டுவதும் மாணவர்கள். 1969-இல் அதை 109 அடி உயரத்துக்கு எழுப்பினார்கள். பிறகு 55 அடிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வந்தது. அந்த வரம்பும் ஒழுங்காகக் காக்கப்படவில்லை. 1999 நவம்பர் 18 அன்று அதிகாலை, ஏறத்தாழ 5,000 கட்டைகள் கொண்ட 59 அடி அடுக்கு சரிந்தது. மேலே ஏறி வேலை செய்துகொண்டிருந்த பிள்ளைகளில் 12 பேர் மாண்டார்கள். 27 பேர் காயமடைந்தார்கள்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. மேலடுக்குக் கட்டைகளைக் கீழடுக்கின் இடுக்குகளில் ஆப்பு அடிப்பதுபோல் செருகியதும், அடுக்கைச் சுற்றிக் கட்டிய கம்பியின் வலிமை போதாமையும் சரிவுக்கு நேரடிக் காரணங்கள் என்றது. அதோடு நில்லாமல் இன்னொன்றும் சொன்னது. அவ்வளவு பெரிய கட்டுமானத்துக்கு எழுதி வைத்த வரைபடம் இல்லை. பொறியாளர் எவரும் சரிபார்க்கவில்லை. பல ஆண்டுகளாகச் சீனியர்கள் ஜூனியர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லித் தந்ததே முறையாகிவிட்டது. பொறியியல் கற்பிப்பதில் பெயர் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் இப்படி!

நம் பிள்ளைகள் 59 அடிக்குக் கட்டை அடுக்குவதில்லை. ஆனால் இரும்புக் குழாய்களில் ஷாமியானா கட்டுகிறார்கள். மூங்கில் நட்டு ஒலிப்பெட்டிகளை ஏற்றுகிறார்கள். ஜெனரேட்டரிலிருந்து ஈரத்தரையின் மேல் கம்பி இழுக்கிறார்கள். 'போன வருடம் கட்டிய அதே ஆள்தான்' என்பது மட்டும் உத்தரவாதமாகாது. கல்லூரியின் மின்பணியாளர் ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்கட்டும். கல்லூரியில் ஒரு விழாக் குறிப்பேடு இருக்கட்டும். எத்தனை பேர் வந்தார்கள், எந்த வாசலில் நெருக்கடி ஏற்பட்டது, எங்கே தண்ணீர் தீர்ந்தது என்று விழா முடிந்த மறுநாளே எழுதி அடுத்த ஆண்டுக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். விழாமலருக்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. விழாமலரை யாரும் படிப்பதில்லை. குறிப்பேட்டை அடுத்த ஆண்டுச் செயலாளராவது படிப்பார்.

மதரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்குக் கல்லூரி விழாவைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கலைக் கல்லூரி ஒன்றில் படித்துப் பட்டம் பெற்றவன்தான். மேலும், நம் மதரஸாக்களின் சனது வழங்கும் விழாக்களிலும் இதே ஷாமியானா, இதே ஒற்றை வாசல், இதே நெருக்கம். இங்கே எழுதியதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

நேரமும் ஒரு வாசல்தான்

விழாத் திட்டத்தில் எப்போதும் முதலில் கெடுவது நேரம். மூன்று மணி விழாவுக்கு நாலரை மணிக்கு வரும் விருந்தினர். அவருக்கு ஒன்பது பேர் பொன்னாடை. அதன்பின் அறிமுக உரை, வாழ்த்துரை, தலைமையுரை. பரிசு பெற வந்த மாணவி இருட்டும்வரை காத்திருக்க, அவளை அழைத்துப் போக வந்த தந்தை வாயிற்புறத்தில் சைக்கிளோடு நிற்பார். பொன்னாடைகளைக் குறைத்தாலே அரை மணி நேரம் மிச்சமாகும் என்பது என் கருத்து. விருந்தினர்களும் உள்ளுக்குள் மகிழ்வார்கள் என்றே நினைக்கிறேன்.

நேரம் நீளும்போது கூட்டம் களைக்கிறது. களைத்த கூட்டம் ஒரே நேரத்தில் கலைகிறது. நம் சமுதாயக் கல்லூரிகளில் மக்ரிப் நேரத்தையும் சேர்த்து நினைக்க வேண்டும். பாங்கு கேட்டதும் இருநூறு, முந்நூறு பேர் ஒரே வாசலில் எழுந்து போவார்கள். தொழுதுவிட்டு அதே வாசலில் திரும்புவார்கள். உளூ செய்யும் குழாயடியிலும் நெருக்கம். மக்ரிபுக்கு இடைவேளை விட்டு நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட்டுவிட்டால் தொழுகையும் நிம்மதி, கூட்டமும் ஒழுங்கு. முடியுமானால் மக்ரிபுக்கு முன்பே விழாவை முடித்துவிடுவது இன்னும் மேல். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் சொல்கின்றன.

உணவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, பெண்களுக்குத் தெரியாததா? காலை பத்து மணிக்குத் தம் போட்ட பிரியாணியைப் பொட்டலம் கட்டி மாலை நான்கு மணிக்குக் கொடுக்காதீர்கள். வெதுவெதுப்பில் நான்கைந்து மணி நேரம் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகும், வாசனையில் தெரியாது. பொட்டலம் வழங்கும் மேசையை வெளியேறும் வாசலருகே போடும் வழக்கத்தையும் மாற்றுங்கள். அங்கே ஒரு வரிசை நிற்கத் தொடங்கினால் வாசல் அடைபட்டது என்று பொருள். இருசக்கர வாகனங்களையும் அப்படியே. ஆம்புலன்ஸ் ஒன்று தடையில்லாமல் அரங்கின் படிவரை வந்து திரும்பும் அளவுக்குப் பாதை விட்டே அவற்றை நிறுத்த வேண்டும்.

காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் கடிதத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவரும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வர வேண்டும். எத்தனை பேர் எதிர்பார்க்கப்படுகிறார்கள், எத்தனை வாசல்கள், யாருடைய தொலைபேசிக்கு அழைப்பது என்ற மூன்றும் அக்கடிதத்தில் இருக்கட்டும். அழைப்பிதழோ அனுமதிச் சீட்டோ இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட அச்சாகக் கூடாது. 'எப்படியும் பாதிப் பேர் வரமாட்டார்கள்' என்ற நம்பிக்கையில் இரட்டிப்பாக அச்சடிப்பவர்கள் நியூயார்க் கூடைப்பந்துப் போட்டியை நினைத்துக்கொள்ளட்டும்.

மாணவிகள் வீடு திரும்பும் ஏற்பாட்டை விழா நாளன்று மாலையில் யோசிக்கக் கூடாது. எந்தப் பேருந்தில் யார் யார், எங்கே இறங்குவார்கள், உடன் செல்லும் ஆசிரியை யார் என்ற பட்டியல் முந்திய நாளே ஆயத்தமாக வேண்டும். ஒரு படி கல்லூரியில், ஒரு படி பேருந்தில். பேருந்து புறப்படும் முன் பெயர் வாசித்து எண்ணுங்கள். கடைசி மாணவி இறங்கியதும் ஆசிரியை கல்லூரிக்குத் தொலைபேசியில் சொல்லட்டும். அந்த அழைப்பு வரும்வரை விழாக்குழுவில் ஒருவர் அலுவலகத்தில் விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கும் ஒரு பிரியாணிப் பொட்டலம் எடுத்து வையுங்கள். பெரும்பாலும் அவருக்குத்தான் கிடைக்காமல் போகிறது.